ஒரு தட்டு என்றால் நில்

இது நடந்தது. நம்புகிறவர்கள் நம்பட்டும், நம்பாதவர்கள் நிம்மதியாகத் தூங்கட்டும். ஊர்ப் பெயரை மட்டும் கேட்காதீர்கள். ராசிபுரத்துக்கும் திருச்செங்கோட்டுக்கும் நடுவே எங்கேயோ என்று வைத்துக்கொள்ளுங்கள். பெயரைச் சொன்னால் நாளைக்கே வக்கீல் நோட்டீஸ் வரும், அனுப்பக்கூடிய ஆட்கள் இதற்குள்ளேயே இருக்கிறார்கள். நடுச்சாமத்தில் நடந்ததும் இல்லை. பட்டப்பகல், ஞாயிற்றுக்கிழமை, தார் உருகுகிற வெயில். நடந்தது பிரவீனாவுக்கு. பேயைச் சொல்லி அவளைப் பயமுறுத்த முடியாது. அவள் வாயைத் திறந்தால் ஊரில் நாலு பேர் பயப்படுவார்கள், அப்படிப்பட்ட பொம்பளை.

அந்த ஊரில் கல்யாண மண்டபத்துக்கு எதிரே தார் போட்ட பெரிய இடம் ஒன்று இருக்கிறது. நகராட்சி இடம். பெயருக்குத்தான் நகராட்சி, பத்து வருடத்துக்கு மேலாக அது தனபாலின் ஸ்டாண்டு. ஏலத்தில் எடுத்து லாரி, போர்வெல் போடுகிற ரிக் வண்டி, மண்டபத்துக்கு வருகிற கார் என்று மூச்சு விட இடமில்லாமல் அடைத்து வைத்திருந்தான். சைக்கிள் நுழைகிற சந்து கிடைத்தால் அதில் புல்லட்டை நிறுத்தச் சொல்கிற ஆள் அவன்.

ஸ்டாண்டுக்குப் பின்னால் லைன் வீடுகள். நாற்பது குடும்பம். அந்தப் பிள்ளைகளுக்கு விளையாட ஒரு சாண் இடம் கிடையாது. லாரிகளுக்கு நடுவே புகுந்து ஓடும். போன வருடம் பிரவீனாவின் மகள் மிதுனாவின் கால்மேல் ஒரு கார் ஏறி இறங்கியது. எட்டு வயதுக் குழந்தை, இரண்டு விரல் போய்விட்டது. அதற்குத் தனபால் கேட்ட கேள்வி என்ன தெரியுமா? “புள்ளைய எதுக்குங்க ஸ்டாண்டுக்குள்ள உடுறீங்க?” அவ்வளவுதான். ஆஸ்பத்திரிப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. சொல்லும்போதே எனக்கு வயிறு எரிகிறது. பெற்றவளுக்கு எப்படி இருந்திருக்கும்?

பிரவீனா லாரிகளுக்குப் பெயர் எழுதுகிறவள். ஸ்டாண்டு முனையில் கடை. அப்பா லாரி டிரைவர், வளர்ந்ததே டீசல் வாசத்தில். பக்கத்து வீட்டுச் சுகன்யாவைக் கூட்டிக்கொண்டு ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கினாள். கத்தினாள், கெஞ்சினாள், வாசலில் உட்கார்ந்தாள். கடைசியில் ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை கொடுத்தார்கள். அன்றைக்கு வண்டி எதுவும் உள்ளே வராது. பிள்ளைகள் விளையாடலாம், பெண்கள் நடக்கலாம், பெரியவர்கள் உட்கார்ந்து பேசலாம். நல்லபடியாக முடிந்தால் இனி ஏலம் கிடையாது, இடம் மக்களுக்கு. ஏதாவது வம்பு வந்தால் மறுநாளே தனபாலுக்கு.

வம்பு வராமல் பார்த்துக்கொள்வது பிரவீனாவின் பொறுப்பு. கவுன்சிலர் ஜெகதீஸ்வரன் சாயங்காலம் வந்து திறந்துவைப்பதாக இருந்தது. அவர் தனபாலோடு ஒரே தட்டில் சாப்பிட்டவர். ஆனால் தேர்தல் வருகிறதே, மைக்கை விட மனசு வருமா?

ஞாயிறு காலையிலேயே இடத்தைக் காலி செய்து, கேட்டில் சங்கிலி போட்டாயிற்று. பிரவீனா தார்மேல் படம் போட ஆரம்பித்தாள். தாயக்கட்டம், பரமபதம், நொண்டியடிக்கப் பாண்டிக் கட்டம். பன்னிரண்டு மணிக்குக் கூட இருந்தவர்கள் சாப்பிடக் கிளம்பினார்கள்.

“நீங்களும் வாங்கக்கா” என்றாள் சுகன்யா.

“இந்தப் பாண்டிய முடிச்சிட்டு வாரேன். நீ போ.”

“சோறு கொண்டாந்து தாரேன் அப்ப.”

அவளும் போனாள். சங்கிலியை மறுபடி மாட்டிவிட்டுத்தான் போனாள்.

அது ஒரு நீளமான பாண்டி. ஸ்கூட்டியின் முன்னால் தொடங்கி, கோடியில் இருக்கிற சுவர் வரைக்கும் போகிற மாதிரி ஒரே நேர்கோட்டில் கட்டங்கள். பெயிண்ட் டப்பாக்களை ஸ்கூட்டியிலேயே வைத்துவிட்டு, ஒன்றை மட்டும் கையில் எடுத்துக்கொண்டாள். ஈரப் பெயிண்டை மிதிக்கக் கூடாது என்பதால் குனிந்தபடியே பின்னால் நகர்ந்து நகர்ந்து கோடு இழுத்தாள்.

சுவரை நெருங்க நெருங்கத்தான் ஒன்றைக் கவனித்தாள். ஸ்டாண்டு முழுக்க ஆயில் கறை. வண்டி நின்று நின்று தாரே பளபளத்துக் கிடந்தது. ஆனால் சுவரை ஒட்டிய கடைசி லைனில் ஒரு சொட்டுக் கறை இல்லை. அங்கே வண்டி நின்று பல வருடம் ஆகியிருக்க வேண்டும். ஒரு முழம் இடத்தைச் சும்மா விடாத தனபால், ஒரு லாரி நிற்கிற இடத்தை எதற்குக் காலியாக விட்டிருந்தான்?

சுவரில், நெஞ்சு உயரத்தில், அகலமாகச் சிமெண்ட் பூசி மூடியிருந்தது. என்னமோ இடித்திருக்கிறது என்று நினைத்தாள். வேலையைப் பார்த்தாள்.

அப்புறம் பெயிண்ட் காயவில்லை. முதல் கட்டங்களெல்லாம் போட்ட கையோடு காய்ந்தன. இங்கே போட்ட கோடு அப்படியே ஈரமாகக் கிடந்தது. அந்த வெயிலில்.

டீசல் புகை வாசம் வந்தது. சூடான புகை, பக்கத்தில் எஞ்சின் ஓடுகிற மாதிரி. நிமிர்ந்து பார்த்தாள். ஸ்டாண்டில் அவளுடைய ஸ்கூட்டியைத் தவிர ஒன்றும் இல்லை.

மறுபடி குனிந்தாள். அப்போதுதான் அந்தக் குரல்.

“வரலாம்... வரலாம்...”

இளவட்டக் குரல். பின்னால், சுவர்ப் பக்கமிருந்து. லாரியை ரிவர்ஸ் எடுக்கும்போது கிளீனர் பின்னால் நின்று சொல்லுவானே, அதே ராகம். பிறந்ததிலிருந்து கேட்ட ராகம். எவனோ ஸ்டாண்டுப் பயல் மதில்மேல் உட்கார்ந்து கேலி செய்கிறான் என்று நினைத்தாள். நான் பின்னால் நகர்கிறதைப் பார்த்து நக்கலாக்கும் என்று சிரிப்புக்கூட வந்தது. கோடு கோணக் கூடாதே என்ற கவனத்தில் திரும்பிப் பார்க்கவில்லை.

“வரலாம்... வரலாம்... லெஃப்ட்டு ஒடி... ஆவட்டும்... வா... வா...”

கால் பின்னால் போயிற்று. குரல் சொல்லச் சொல்லப் போயிற்று. பிரஷ் கையில் நின்றுவிட்டது, கோடு இழுக்கவில்லை. கால் மட்டும் போய்க்கொண்டிருந்தது. அதை அவள் கவனித்தபோது முதுகு சுவரில் இடித்தது.

சுவர் சில்லென்று இருந்தது. காலையிலிருந்து வெயில் காய்ந்த சுவர்.

முன்னால் பார்த்தாள். தரையில் நிழல். மேலே மரம் இல்லை, மேகம் இல்லை. அவள் போட்ட கட்டங்களை மூடிக்கொண்டு, ஒரு லாரி அளவுக்கு நிழல். அது அவளைப் பார்த்து வந்துகொண்டிருந்தது...

குரல் நின்றுவிட்டது.

நகரப் பார்த்தாள். முடியவில்லை. நெஞ்சில் ஏதோ பட்டது. கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. குறுக்காக, இரும்பாக, சூடாக ஏதோ நெஞ்சை அழுத்தியது. முதுகுக்குப் பின்னால் சுவர்.

கத்த வாயைத் திறந்தாள். மூச்சு இல்லை.

கை தானாக எழுந்தது. எதிரே இருந்த வெறுங்காற்றை அறைந்தது.

டப்.

தகரச் சத்தம். லாரி பாடியை அறைகிற சத்தம்.

டப் டப் டப் டப்...

அறைய அறைய அது இன்னும் உள்ளே வந்தது. விலா எலும்பு முறுகியது. இன்னும் வேகமாக அறைந்தாள். இன்னும் உள்ளே வந்தது...

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

லாரிக்காரர்களுக்கு இது தாய்ப்பால் மாதிரி. பாடியில் ஒரு தட்டு தட்டினால் நில் என்று அர்த்தம். இரண்டு தட்டினால் போ. விடாமல் தட்டினால் போ, போ, தாராளமாகப் போ. பின்னால் நடப்பது டிரைவருக்குத் தெரியாது, தட்டுத்தான் அவன் காது. உயிர் போகிறவன் எண்ணியா தட்டுவான்? அவன் பதறித் தட்டுவான். டிரைவர் ‘இன்னும் இடம் இருக்கு’ என்று நினைத்து வண்டியை இன்னும் பின்னால் எடுப்பான்.

தான் தட்டுகிற ஒவ்வொரு தட்டும் அதை வரச் சொல்கிறது.

கையை நிறுத்தினாள். உடம்பு முழுக்க அறை அறை என்று துடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு கையைப் பிடித்து வைத்தாள்.

ஒரே ஒரு தட்டு.

டப்.

நின்றது.

நின்றது... ஆனால் விலகவில்லை. முன்னால் போக வேண்டியதுதானே? போகவில்லை. அழுத்தியபடியே நின்றது. போக முடியாத மாதிரி நின்றது. எஞ்சின் துடிப்பது அவள் எலும்பில் கேட்டது. தூரத்தில், அந்த நேர்கோட்டின் அந்தக் கோடியில், அவளுடைய ஸ்கூட்டி வெயிலில் நின்றுகொண்டிருந்தது. கண் இருட்டியது.

கேட்டுச் சங்கிலி சத்தம். சுகன்யா, கையில் சோற்றுத் தூக்குப் போசியோடு.

அவள் இந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. “வண்டிய இப்புடியா வெய்யில்ல போடுவாங்க, சீட்டு பழுத்துப் போயிருக்கும்” என்று தனக்குள் முனகிக்கொண்டே ஸ்கூட்டியைத் தள்ளிக் கேட்டு ஓர நிழலுக்குக் கொண்டுபோனாள்.

ஸ்கூட்டி நகர்ந்த அந்த நொடி, அழுத்தம் போயிற்று.

பிரவீனா அப்படியே சரிந்து உட்கார்ந்தாள். நிழல் இல்லை, வெறும் வெயில். சுகன்யா ஓடி வந்தாள்.

“என்னக்கா? ஏன் இப்புடி வேர்த்துக் கெடக்குது?”

“ஒண்ணுமில்ல.”

“யாருக்கா தட்டுனது? ரோடு வரைக்கும் கேட்டுச்சு. லாரி உள்ள வந்துருச்சோன்னு ஓடியாந்தேன்.”

பிரவீனா கையை விரித்துப் பார்த்தாள். உள்ளங்கை சிவந்து தோல் உரிந்திருந்தது. சுடிதாரில், நெஞ்சுக்குக் குறுக்கே, துருப்பிடித்த இரும்பின் தடம் ஒரு பட்டையாக விழுந்திருந்தது.

பயம் எல்லோருக்கும் ஒரே மாதிரி வருவதில்லை. அவளுக்குக் கோபமாக வந்தது. எழுந்தாள், சோற்றைத் தொடவில்லை, நேராக ரோட்டைத் தாண்டி டீக்கடைக்குப் போனாள். தனபால் அங்கேதான் உட்கார்ந்திருந்தான். காலியான தன் ஸ்டாண்டை எழவு வீட்டைப் பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தான்.

“அந்தச் செவுத்துக்கிட்ட என்னுங்க நடந்துச்சு?”

எங்கள் பக்கத்தில் அடிக்கப் போனாலும் ‘ங்க’ போட்டுத்தான் அடிப்பார்கள்.

தனபால் கிளாஸைக் கீழே வைத்தான். அவள் கையைப் பார்த்தான். சுடிதாரில் இருந்த தடத்தைப் பார்த்தான். முகம் வெளுத்தது.

“என்னுங்க கேட்டுது உங்களுக்கு?” என்றான்.

கேட்டது என்று அவள் சொல்லவே இல்லை.

“ஆளு யாரு?” என்றாள்.

அவன் கிளாஸை எடுத்து மிச்ச டீயைக் குடித்தான். அப்புறம் மெதுவாகச் சிரித்தான். அந்தச் சிரிப்புக்காகவே அவனை அறைந்திருக்கலாம்.

“சொல்லுங்க. சாயங்காலம் மைக்குலயே சொல்லுங்க. செவுத்துக்கிட்ட பேயி இருக்குதுன்னு. ஒரு புள்ள உள்ள வராது. நாளைக்குக் காலைல நான் வண்டிய உட்டுர்றேன்.”

பாவி சொன்னது நிஜம். வாயைத் திறந்தால் இடம் போயிற்று. திறக்காவிட்டால், எந்தப் பிள்ளையாவது பந்தை எடுக்க அந்தச் சுவருக்குப் போனால்? சொல்லவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை. இப்படியும் ஒருத்திக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை.

கடைசியில் அவள் செய்தது இதுதான். நாலு மணிக்கு அந்தச் சுவரில் முதுகைக் கொடுத்து நின்றுகொண்டாள். எவ்வளவு நேரமானாலும் சரி, என்னைத் தாண்டி ஒரு பிள்ளை வரட்டும் பார்க்கலாம் என்று நின்றாள். சுகன்யா கூப்பிட்டும் நகரவில்லை. நின்றாள்.

பிள்ளைகள் வந்தன. நாற்பது வீட்டுப் பிள்ளைகளும், அடுத்த தெருப் பிள்ளைகளும். வண்டி இல்லாத இடத்தை அவை அன்றுதான் பார்த்தன. ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குச் சும்மா ஓடின. மிதுனா, இரண்டு விரல் இல்லாத அந்தக் காலை ஊன்றி, பாண்டியில் நொண்டி அடித்தாள். விழுந்தாள், எழுந்தாள், திரும்பவும் அடித்தாள். பிரவீனாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. இதற்குத்தானே இத்தனை பாடு.

சுவர் சும்மா இருந்தது.

ஐந்தரை மணிக்குக் கவுன்சிலர் வந்தார். காரை வெளியே ரோட்டிலேயே நிறுத்திவிட்டு, வெள்ளை வேட்டி சரசரக்க நடந்து வந்தார். பேனர் சுவரில் கட்டியிருந்ததால் மைக்கும் அங்கேதான், பிரவீனாவுக்கு நாலடி தள்ளி. அவர் வரும்போதே சுவரைப் பார்க்காமல் வந்ததை அவள் கவனித்தாள்.

“இந்த இடம் இனிமேல்...” என்று ஆரம்பித்தார்.

டப்.

ஸ்பீக்கரில் வந்தது. மைக்செட்காரர் ஓடி வந்து வயரைப் பார்த்தார்.

“இந்த இடம் இனிமேல் பொதுமக்க...”

டப் டப்.

டப் டப் டப் டப்...

பிரவீனாவின் முதுகில் சுவர் அதிர்ந்தது. மைக்செட்காரர் வயரையே பிடுங்கிவிட்டார். சத்தம் நிற்கவில்லை. பிள்ளைகள் விளையாட்டை நிறுத்திவிட்டுப் பார்த்தன.

கவுன்சிலரின் கை சட்டைப் பைக்குப் போனது. தடவியது. எதையோ தேடியது. முகத்தில் ரத்தம் இல்லை. யாரும் இல்லாத சுவரைப் பார்த்துச் சொன்னார். மைக் இல்லாமலே எல்லோருக்கும் கேட்டது.

“எடுத்துர்றேன்... இரு... எடுத்துர்றேன்.”

வேட்டி தடுக்க ஓடினார். கேட்டைத் தாண்டினார். காரை அவரே எடுத்தார், டிரைவர் ரோட்டிலேயே நின்றான்.

கார் கிளம்பிப் போயிற்று.

தட்டு நின்றது.

கவுன்சிலருக்குச் சர்க்கரை ஏறிவிட்டது, மைக்கில் கோளாறு என்று கூட்டத்தில் பேசிக்கொண்டார்கள். பிள்ளைகள் மறுபடி விளையாடப் போய்விட்டன. இருட்டும் வரை விளையாடின. ஒரு கீறல் இல்லை, ஒரு வம்பு இல்லை. அந்த வாரமே முடிவு வந்தது. அந்த இடத்துக்கு இனி ஏலம் இல்லை, பிள்ளைகளுக்கே. கவுன்சிலர்தான் பிடிவாதமாக நின்று முடித்துக்கொடுத்தாராம். அந்தத் தெருப் பக்கம் மட்டும் அதற்கப்புறம் அவர் வரவே இல்லை. தனபால் வேறு ஊரில் இடம் பார்க்கிறான் என்று கேள்வி.

ஜெயித்தாயிற்று. ஆனால் பிரவீனாவால் தூங்க முடியவில்லை. யார் அந்தப் பையன்? அது ஏன் முன்னால் போகவில்லை? கார் போனதும் ஏன் நின்றது?

வியாழக்கிழமை, வேலை நேரத்தில், அம்மாசி அவள் கடைக்கு வந்தார். ஸ்டாண்டில் மூட்டை தூக்குகிறவர். உட்காரச் சொன்னாள். உட்காரவில்லை.

“கவுன்சிலரு மைக்குல சொன்னத நானும் கேட்டேன் சாமி” என்றார். “அதுக்கப்புறம் சோறு எறங்கல.”

சொல்ல ஆரம்பித்தார். ஆறு வருடத்துக்கு முன்னால், பிரவீனா இங்கே கடை போடுவதற்கு முன்பு நடந்தது. பையன் பெயர் சென்றாயன். ஓமலூர்ப் பக்கம். கிளீனர். வேலைக்கு வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. லாரி ரிவர்ஸ் வரும்போது சுவருக்கும் வண்டிக்கும் நடுவே மாட்டிக்கொண்டான். பதறித் தட்டினான். டிரைவர் போ என்று நினைத்து இன்னும் அழுத்திவிட்டான். எல்லோருக்கும் கேட்டது. எல்லோரும் லாரிக்காரர்கள். அதனாலேயே எல்லோரும் ‘போ’ என்று நினைத்துச் சும்மா இருந்தார்கள்.

“அப்புறம் பாத்துட்டோங்க. உசுரு இருந்துச்சு. லாரிய ரெண்டடி முன்னால எடுத்தாப் போதும், வந்துருப்பான்.”

“எடுக்க வேண்டியதுதானுங்களே?”

“முன்னால கார் நின்னுச்சே சாமி.”

லாரி பின்னால் போன அந்த இடைவெளியில் ஒரு கார் வந்து நின்றிருக்கிறது. அவ்வளவு சின்ன இடத்தையும் தனபால் விற்றுவிட்டான். பூட்டிய கார். புதுசு. அன்றைக்குத்தான் கோயிலில் பூசை போட்டு, மாலையோடு எதிர் மண்டபத்துக் கல்யாணத்துக்கு வந்தது. ஜெகதீஸ்வரனுடையது.

“கண்ணாடிய ஒடைச்சிருக்கலாமே” என்றாள் பிரவீனா. குரல் அவளுடையது மாதிரியே இல்லை. “பத்துப் பேரு இருந்தீங்களே, தள்ளியிருக்கலாமே.”

“தனபாலு உடலீங்க. கவுன்சிலரு புது வண்டி, கீறல் உழுந்தா நீயா பதில் சொல்லுவேன்னு கேட்டான். நாங்களும் நின்னுட்டோம்.” அம்மாசி தரையைப் பார்த்தார். “சாவி வாங்கியாடான்னு என்னையத்தான் அனுப்புனாங்க. மூணு தடவ போனேன்.”

நெஞ்சு வலி என்று சொல்லிக் கதையை முடித்துவிட்டார்கள். பையனுக்கு யாரும் இல்லை கேட்க.

“என்ன சொன்னாரு அவரு?”

அம்மாசி வாயைத் துண்டால் பொத்திக்கொண்டார். அப்புறம் துண்டை எடுத்தார்.

“மூணாவது தடவ போறப்ப எலையில பாயாசம் ஊத்திட்டு இருந்தாங்க. தட்டுற சத்தம் பந்தி வரைக்கும் கேட்டுச்சுங்க சாமி. அவரு காதக் குடுத்துக் கேட்டாரு. கேட்டுட்டுச் சொன்னாரு, ‘இன்னும் தட்டிக்கிட்டுத்தானப்பா இருக்கான். இருக்கட்டும். சாப்ட்டுட்டு வாரேன்.’”